அஞ்சற்பெட்டிக்குத் தமிழ்ப்பெயர் ஆகாதா?

வாயிலில் ஒருவனை நிறுத்தி "உன் பெயர் யாது?" எனக் கேட்கின்றான் ஒரு காவலன். நின்றவன், பெற்றோர் இட்ட பெயரைத் தன் மொழியிலேயே கூறுகின்றான். "அப்படியொரு பெயர் இருக்கவே இயலாது, பிழை, மீண்டும் சொல்" என்கின்றான் காவலன். மும்முறை சொன்னாலும் மும்முறையும் பிழை! இறுதியில் ஆங்கில எழுத்தில் தன் பெயரைக் குதறி எழுதிக் கொடுத்த பின்னரே கதவு திறக்கின்றது. தமிழன்பர்களே! இது கட்டுக்கதையன்று. மின்னஞ்சற் பெட்டியைத் தானே அமைத்துத் தரும் மென்பொருட் கருவிகளுள் பல, நம் கணினியிலும் கைப்பேசியிலும் இருந்துகொண்டு நமக்கு நாள்தோறும் செய்துவரும் சிறப்பு இதுதான்.

கணினிக்காரர் பேசவேண்டிய செய்தியை மொழிப்பற்றாளர் பேசுவானேன் என்று முகஞ் சுளிப்பாரும் உளர். கடைத்தெருவின் பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டுமென்று நாம் நின்றோம்; நிற்கின்றோம். ஆனால் இன்று வங்கியும் பள்ளியும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும் ஒருவரை அறிந்துகொள்ளும் பெயர்ப்பலகை, அவருடைய மின்னஞ்சல் முகவரியாகிவிட்டது. அந்தப் பலகையில் ஓர் எழுத்தாவது தமிழாக உண்டா? இல்லை. மரப்பலகைக்குப் போராடுவோம், மின்பலகையை விட்டுக்கொடுப்போம் என்பது என்ன கொள்கை?

முதற்கண், அக்கருவி செய்யும் வேலையை விளங்கிக்கொள்வோம். ஓர் அஞ்சற்பெட்டியைக் கைப்பேசியில் இணைக்க வேண்டுமாயின், வரும் அஞ்சலைத் தரும் வழங்கி எது, செல்லும் அஞ்சலை ஏற்கும் வழங்கி எது, அவற்றின் வாயில் எண்கள் எவை, மறைகுறியாக்கம் எவ்வகையது என்பவற்றையெல்லாம் முன்பு நாமே நிரப்பியாக வேண்டும். வருவதற்கு 993, செல்வதற்கு 587 என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு அலுவலகம் தோறும் அலைந்த கணினிப் பணியாளர் பலர். இத்தொல்லையை நீக்க, 2007 ஆம் ஆண்டின் 'எக்சுசேஞ்சு' வழங்கியோடும் 'அவுட்லுக்' மென்பொருளோடும் 'ஆட்டோடிசுகவர்' என்னும் தானியங்கி முறையை மைக்ரோசாப்டு நிறுவனம் கொண்டுவந்தது. 2009 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மொசில்லாவின் 'தண்டர்பேர்டு' மூன்றாம் பதிப்பும் இவ்வேலையைத் தானே செய்யத் தொடங்கிற்று. 2011 இல் இணையப் பொறியியல் பணிக்குழு, தன் 6186 ஆம் எண் ஆவணத்தின் வழியே, வழங்கியின் இருப்பிடத்தைக் களப்பெயர்ப் பதிவேட்டிலேயே குறித்துவைப்பதற்கு ஒரு முறையை வகுத்தது.

இப்பொழுது பயனர் தருவன இரண்டே: முகவரி, கடவுச்சொல். கருவி அம்முகவரியை நடுவே வெட்டுகின்றது. ஆங்கிலத்தார் 'அட்' என வழங்கும் குறி இருக்கின்றதே, 1971 இல் தாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் மின்னஞ்சலுக்கெனத் தேர்ந்தெடுத்த குறி, அதுவே வெட்டுமிடம். வலப்பக்கத்தில் நிற்பது களப்பெயர். அதாவது வீடு இருக்கும் தெரு. இடப்பக்கத்தில் நிற்பது ஆளின் பெயர். கருவி வலப்பகுதியை எடுத்துக்கொண்டு போய், "இக்களத்தின் வழங்கிகள் யாவை?" என்று உரிய இடங்களில் கேட்டு, விடையைக் கொணர்ந்து, சில நொடிகளில் பெட்டியை அமைத்துவிடுகின்றது. நல்ல ஏந்துதான். அதனை நாம் குறைகூறவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். வழங்கியைக் கண்டுபிடிக்கக் கருவிக்கு வேண்டுவது வலப்பகுதி. இடப்பகுதியான பெயரை அது ஆராய வேண்டிய தேவையே இல்லை. தேவை மட்டுமன்று, உரிமையும் இல்லை! மின்னஞ்சல் விதிகளின் அடிப்படை ஆவணமாக 2008 இல் வெளிவந்த 5321 ஆம் எண் ஆவணம், பெயர்ப்பகுதிக்குப் பொருள் கொள்ளும் அதிகாரத்தை அப்பெட்டியைக் காக்கும் வழங்கிக்கு மட்டுமே தந்திருக்கின்றது. இடையில் நிற்போர் எவரும் அதனைத் தம் விருப்பப்படி திரிக்கலாகாது. ஆனால் நம் கருவி என்ன செய்கின்றது? வழங்கியிடம் கேட்பதற்கு முன்னரே, பெயரைப் பார்த்து, இலத்தீன் எழுத்து இல்லையென்றால் 'முகவரி செல்லாது' என்று தானே தீர்ப்பெழுதிவிடுகின்றது. அஞ்சற்காரர் மடலை வீட்டில் சேர்க்கும் முன், வீட்டுக்காரர் பெயர் தமக்குப் பிடிக்கவில்லையென்று மடலைக் கிழித்தெறிவதை ஒக்கும் இது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1982 இல் மின்னஞ்சலுக்கு விதி எழுதியபோது, 128 இடங்களே கொண்ட 'ஆசுக்கி' என்னும் அமெரிக்க எழுத்துப் பட்டியலுக்குள் அதனை அடைத்தார்கள். அன்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவே. போகட்டும். 1991 இல் ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. 2003 இல் களப்பெயரைப் பிறமொழி எழுத்துகளில் அமைக்க வழி பிறந்தது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழெழுத்திலேயே இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. உலக இணையத்தின் வேரிலேயே தமிழ் நிற்கின்றது, தோழர்களே! ஆனால் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு கருவி, தமிழ் செல்லாது என்கின்றது.

களப்பெயரைத் தமிழில் எழுதினால், கருவிகள் அதனை உள்ளுக்குள் இலத்தீன் வேடமிட்டு அனுப்பிவிட இயலும். பெயர்ப்பகுதிக்கு அவ்வாறு வேடமிட இயலாது. முன் சொன்ன விதியே அதற்குக் கரணியம். அது தமிழாகவே பயணப்பட வேண்டும். இதற்கென 2012 பிப்பிரவரியில் 6530, 6531, 6532 என்னும் எண்களில் ஆவணங்கள் வெளிவந்தன. வழங்கிகள் ஒன்றையொன்று வணங்கி வரவேற்கும் முதற்பேச்சிலேயே "பிறமொழி முகவரிகளை ஏற்பேன்" என்று அறிவிக்க ஒரு சொல்லை அவை வகுத்தன. அச்சொல்லைக் கேட்ட மறுவழங்கி, தமிழ் முகவரியை அப்படியே கொடுக்கும். 2013 இல் பெட்டியைத் திறந்து படிக்கும் முறைக்கும் இத்தகைய விதி வந்தது. கட்டற்ற மென்பொருளான 'போசுட்டுபிக்சு' வழங்கி 2015 இல் தன் மூன்றாம் பதிப்பிலேயே இதனை ஏற்றது. காசு கொடுக்க வேண்டியதில்லை, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கூகுள் நிறுவனம் 2014 முதல் இத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறிக்கொள்கின்றது. ஆயினும் தன்னிடம் பெட்டி திறக்க வருவோரிடம் இலத்தீன் எழுத்துப் பெயரையே கேட்கின்றது. மைக்ரோசாப்டு 2018 இல் தமிழ் உள்ளிட்ட 15 இந்திய மொழிகளின் முகவரிகளை ஏற்பதாக அறிவித்தது. சாலை போட்டாகிவிட்டது. சுங்கச்சாவடிக்காரனுக்குத்தான் செய்தி எட்டவில்லை!

அந்த 6531 ஆம் ஆவணத்தை எழுதியவர் யாவர் தெரியுமா? சீனத்து இணையப் பெயர் நடுவத்தைச் சேர்ந்த இருவர். தம் மக்களின் பெயர் தம் எழுத்தில் பயணப்பட வேண்டுமென்று, அமெரிக்கர் ஆளும் அவையில் போய் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் வழக்குரைத்து, விதியையே எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்விதியின் நிழலில் நமக்கும் இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் உட்காரக்கூட நமக்கு நேரமில்லை.

சில கருவிகள் தாம் எல்லா மொழிகளையும் ஏற்பதாகப் பறைசாற்றிக்கொள்கின்றன. அவற்றின் உள்ளே ஒளிந்திருக்கும் கேட்டையும் காண்போம். ஒருங்குகுறிப் பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இனப்பெயர் உண்டு: இது எழுத்து, இது எண், இது சார்ந்து வரும் குறி என்று. நம் உயிரெழுத்துகளும் அகரமேறிய உயிர்மெய்களும் ஆய்தமும் 'எழுத்து' என்னும் இனத்தில் வைக்கப்பட்டுள்ளன. புள்ளியும், கால், கொம்பு, கொக்கி, சுழி ஆகியனவும் 'குறி' என்னும் இனத்தில் வைக்கப்பட்டுள்ளன. மென்பொருள் எழுதுவோர் பலர், "எழுத்தினம் எதுவாயினும் ஏற்க" என்று ஒரு வரியை எழுதிவிட்டு, உலக மொழிகளுக்கெல்லாம் ஈகம் செய்துவிட்டதாக நிறைவடைந்துவிடுகின்றனர். விளைவு யாது? 'மல' என்று எழுதினால் கருவி ஏற்கும். 'மலர்' என்று எழுதினால் மறுக்கும். புள்ளி அதற்கு எழுத்தன்று!

கணக்கிட்டுப் பாருங்கள். தமிழெழுத்து 247. அவற்றுள் உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துகளே அக்கருவியின் வாயிலைக் கடக்கும். மெய் 18, ஏனைய உயிர்மெய் 198, ஆக 216 எழுத்துகள் வெளியே நிற்கும். மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் வகுத்துச் சென்ற மொழிக்கு, மெய்யே இல்லையென்று சொல்கின்றது ஒரு கருவி. மெய்யும் ஏனைய உயிர்மெய்யும் இன்றித் தமிழில் எத்தனை முழுப்பெயர் சொல்லவியலும்? முருகன், கண்ணகி, வள்ளி, அன்பழகன், நெடுஞ்செழியன், பூங்கோதை: ஒன்றும் தேறாது. இத்தனைக்கும் இது ஒரே வரியில் திருத்தக்கூடிய பிழை. 'எழுத்தும் குறியும் ஏற்க' என்று எழுதினால் முடிந்தது. அவ்வொரு வரியை எழுதச் செய்யும் வலிவு ஏழு கோடித் தமிழருக்கு இல்லாமற் போயிற்றா?

"ஆங்கில எழுத்திலேயே எழுதிவிட்டுப் போனால் என்ன? ஒலி ஒன்றுதானே?" என்பார் அறிவாளர் சிலர். ஒலி ஒன்றா? ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. ர, ற இரண்டுக்கும் ஒரே எழுத்து. குறில் நெடில் வேறுபாடு எழுதுபவர் விருப்பம். வேல் என்பதும் வேள் என்பதும் ஒன்றாகிவிடும். அரனும் அறனும் ஒன்றாகிவிடுவர். எழிலரசி என்னும் பெயரை நால்வர் நால்வகையாய் எழுதுவர்; ஒரெழுத்து மாறினால் மடல் வேறொருவர் பெட்டிக்குப் போகும். கல்லூரி இடமும், நேர்காணல் அழைப்பும், வங்கி அறிவிப்பும் அப்பெட்டிக்குத்தான் வருகின்றன. தொலைபேசியில் முகவரி சொல்லும்போது, "அந்த எழுத்து இரண்டா, இந்த எழுத்து ஒன்றா" என்று நம்மவர் படும் பாட்டை எவரும் அறிவர். தமிழில் சொன்னால் 'எழிலரசி' என்னும் ஒரு சொல்லோடு தீர்ந்திருக்கும் அது.

பெயரோடு இக்கொடுமை முடிவதில்லை, பெட்டிக்குள்ளேயும் தொடர்கின்றது. பெட்டியை அமைக்கும்போதே, அனுப்பிய மடல் எங்கே தங்குவது, வரைவு எங்கே, குப்பை எங்கே என்பதையும் கருவி முடிவு செய்கின்றது. மின்னஞ்சல் விதியில் மாற்றக்கூடாத ஆங்கிலப் பெயர் ஒன்றே ஒன்றுதான். வருமடல் உறைக்கு உரிய பெயர் அது. மற்றவற்றுக்கு 'அனுப்பியவை', 'வரைவுகள்' என்று தமிழில் பெயரிட எத்தடையும் இல்லை. எந்த உறை எப்பணிக்கு உரியது என்பதை, பெயர் எதுவாயினும், வழங்கியே அடையாளமிட்டுச் சொல்லும் முறையும் 2011 இல் 6154 ஆம் ஆவணத்தில் வந்துவிட்டது. சோம்பற் கருவி அவ்வடையாளத்தைக் கேட்பதில்லை. 'சென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தேடுகின்றது. காணவில்லையென்றால் அப்பெயரில் புதிதாக ஓர் உறையைத் தானே திறந்துவிடுகின்றது. அன்று முதல், கணினியில் அனுப்பிய மடல் தமிழ் உறையிலும், கைப்பேசியில் அனுப்பியது ஆங்கில உறையிலும் சிதறிக் கிடக்கும். தேடித் தேடி அலுத்தவர் தமிழ் உறையை நீக்கிவிடுவார். இப்படித்தான், எவரும் ஆணையிடாமலேயே, தமிழ் ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஓசையின்றி வெளியேற்றப்படுகின்றது.

இதனைக் கேட்டால் அலுவலகங்களில் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கின்றார்கள்: "கருவி ஏற்கவில்லை ஐயா, நாங்கள் என்ன செய்ய?" கருவி என்ன, காலையில் எழும் கதிரவனா, மாற்றவியலாததற்கு? எவனோ ஒருவன் நாற்காலியில் அமர்ந்து எழுதிய வரிகளின் தொகுப்பு அது. அவ்வரிகளின் அழகை உலகமே ஒருமுறை கண்டது. 2021 செப்டம்பரில், கார்டிகோர் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு வெளியாயிற்று. முன் சொன்ன ஆட்டோடிசுகவர் முறையில், உரிய களத்தில் விடை கிடைக்காதபோது, சில மென்பொருள்கள் ஒரு படி மேலேறி, நாட்டுக்குறிக்கு முன் அம்முறையின் பெயரையே ஒட்டிய முன்பின் அறியாத ஒரு களத்தின் கதவைத் தட்டின. தட்டியதோடு நில்லாமல், பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கே நீட்டின! ஆய்வாளர் அத்தகைய களப்பெயர்கள் சிலவற்றை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு வெறுமனே காத்திருந்தனர். நான்கு மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் வந்து விழுந்த கடவுச்சொற் பதிவுகள் 3,72,072. இரட்டித்தவற்றைக் கழித்தாலும் 96,671.

ஊர் பேர் தெரியாதவன் வாயிலில் உரிமையாளரின் திறவுகோலைக் கொட்டத் தயங்காத கருவிகள், உரிமையாளர் தம் பெயரைத் தமிழில் எழுதினால் மட்டும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பதறுகின்றன. ஒத்த வடிவ எழுத்தால் ஏமாற்று நடக்கும் என்பது அவர்கள் கூறும் அச்சம். அச்சத்தில் சிறிது உண்மை உண்டு. 'ஔ' என்னும் ஓரெழுத்தும் 'ஒள' என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும். அதற்குப் பெட்டி வழங்குவோர் பதிவின்போதே விதி வைக்கலாம். இலத்தீன் எழுத்திலேயே, சிறிய 'எல்'லுக்கும் ஒன்று என்னும் எண்ணுக்கும் வேறுபாடு தெரியாமல் உலகம் ஏமாந்துகொண்டுதான் இருக்கின்றது. அதற்காக இலத்தீனை எவரும் தடுக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1956 ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மண் இது. 2010 இல் ஒருங்குகுறியைத் தமிழ்நாட்டு அரசு ஏற்று ஆணையிட்டது. இருந்தும் துறைகளின் மின்னஞ்சல் முகவரிகள் இலத்தீன் எழுத்திலேயே அறிவிக்கப்படுகின்றன. தமிழில் முகப்பு, தமிழில் முத்திரை, தமிழில் கோப்பு. அடியில் முகவரி மட்டும் ஆங்கிலம். இராசத்தான் அரசு 2017 இல் தன் குடிமக்களுக்கு இந்தி எழுத்தில் மின்னஞ்சல் முகவரி வழங்கத் தொடங்கியது. நாம் அதனைப் பழிக்கவில்லை. அவர்கள் தம் மொழிக்குச் செய்தார்கள். செம்மொழி என்று மேடைதோறும் முழங்கும் நாம் நம் மொழிக்குச் செய்யவேண்டியதைச் செய்யாதது ஏன் என்பதே நம் வினா. தமிழ் இணையத்துக்குப் பிந்தி வந்த மொழியுமன்று. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் 1990களின் நடுவிலேயே அதனை வலையேற்றினர். அவர் 1999 இல் மறைந்தார். அவர்கள் கைப்பொருள் இழந்து வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடுகின்றது. வயலுக்கு மடை திறப்பார்தாம் இல்லை.

வெளிநாட்டார்க்கு எழுதும்போது தமிழ் முகவரி இடர் தருமே என்பார்க்கு ஒரு சொல். ஒரே பெட்டிக்கு இரு பெயர் வைக்க வழங்கிகள் பலவற்றில் இயலும். தமிழர்க்குத் தமிழ்ப்பெயர், தமிழறியார்க்கு இலத்தீன் பெயர், மடல் விழுவது ஒரே பெட்டியில். ஆகலின் எவரும் எதனையும் இழக்கப்போவதில்லை.

அரசுக்குக் கணினிப் பொருள் வாங்கித் தரும் எல்காட்டு நிறுவனம், தன் ஒப்பந்தப் புள்ளி அறிவிப்புகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தமிழ் முகவரியை ஏற்று, தமிழ் உறைகளை அடையாளங்கண்டு, பெட்டியைத் தானே அமைக்கவியலாத மென்பொருள் வாங்கப்படாது. விற்பவன் தானே திருத்திக்கொண்டு ஓடிவருவான். வணிகனுக்கு வேறு இலக்கணம் தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் இதற்கான ஆய்வுமுறையை வகுத்து, எக்கருவி தேறியது, எக்கருவி தோற்றது என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். கல்லூரிகளில் மென்பொருள் பயிலும் நம் பிள்ளைகள், கட்டற்ற மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து, அந்த 'எழுத்தினம் மட்டும்' என்னும் வரியைத் தேடிப் பிடித்துத் திருத்தி அனுப்பட்டும். அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை.

படிப்பவர் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்கள் கைப்பேசியில் அஞ்சற்பெட்டி அமைக்கும் கருவியைத் திறந்து, பெயர்ப்பகுதியில் 'மலர்க்கொடி' என எழுதிப் பாருங்கள். அப்பெயரைக் கரணியத்தோடுதான் தேர்ந்தோம். அதில் புள்ளி உண்டு, கொக்கி உண்டு, 'கொ' என்னும் எழுத்தும் உண்டு. அவ்வெழுத்தைக் கணினியில் இருவகையாய் உள்ளிடலாம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளத் தெரியாத கருவி, ஒரே மலர்க்கொடியை இருவராக எண்ணும். ஏற்றால் நன்று. மறுத்தால், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன சொல்லி மறுத்தது என்பதை நாளிட்டுக் குறித்துக்கொண்டு, அதனை ஆக்கிய நிறுவனத்துக்கே முறையீடு எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள்.